பத்தரைக்கு முன்னால் முடுக்கிய இஞ்சின்

இன்று காலை கிள்ளான் பட்டறையில் எண்ணெய் பம்பை டிரில்லால் சுற்றிக்கொண்டிருந்தேன். டிரில் சூடேறிய வாடையில் உன் ஞாபகம் வந்தது. செத்தவனைத் திட்டக்கூடாது என்பார்கள். உனக்கு அந்தச் சலுகையைத் தருவதாக இல்லை.

நம் கூட்டுப் பட்டறையில் இஞ்சின் கட்டுவது நான், வாய்ப்பந்தல் போடுவது நீ. பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் வாடிக்கையாளரை உட்காரவைத்து, ரசக் கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டுவாய். "சாதா கார்ல எண்ணெய் இஞ்சினுக்கு அடியிலயே கெடக்கும் பாஸ். வேகமா வளைஞ்சா ஒதுங்கிடும். டிரை சம்ப்னா எண்ணெய்க்குத் தனி டேங்க், பம்பு வச்சு அனுப்பணும்லா." எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. புது இஞ்சினை முடுக்குமுன் பம்பை டிரில்லால் சுற்றி, எண்ணெய் எல்லா இடத்துக்கும் போய், பிரஷர் முள் எழும்வரை காத்திருக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தேன். அது மட்டும் உன் மண்டையில் ஏறவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பெட்டாலிங் ஜெயாக்காரரின் கார். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, தேங்காயும் உடைத்தாயிற்று. பத்தரைக்கு ராகு காலம், அதற்குப் பத்து நிமிடம்தான் இருந்தது.

"இன்னும் இருபது நிமிஷம் வேணும்டா," என்றேன்.

"ராகு காலத்துல ஸ்டார்ட் பண்ணச் சொல்றியா? எண்ணெய் தானா வரும்லா."

நான் டிரில் எடுக்க உள்ளே போன நேரத்தில் சாவியைத் திருப்பி, பெருமைக்கு ஆக்சிலரேட்டரை மிதித்தும் காட்டினாய். எலுமிச்சம்பழம் நசுங்குமுன் பேரிங் தீய்ந்து இஞ்சின் இறுகிவிட்டது. நெற்றியில் பட்டையோடு நீ சொன்னாய்: "பம்பை இவன் தப்பா மாட்டிட்டான் பாஸ்." டிரில்லும் கையுமாக நின்ற என்னைவிட உன் திருநீற்றை அவர் நம்பினார். அப்புறம் யாரும் என்னிடம் இஞ்சின் கொடுக்கவில்லை. இரண்டு வருடம் பண்டமாரானில் லோரிகளுக்கு டயர் மாற்றினேன். உனக்கு அது தெரியும். கோழைப் பயல் நீ.

ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினாய். சாகும்போதாவது உண்மையைச் சொல்வாய் என்று நம்பி வந்தேன். சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டாய். "அந்த இஞ்சினைக் கெடுத்தது இவன்தான். நான் அன்னிக்கே மன்னிச்சிட்டேன்." ஓர் அங்கிள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முதுகில் தட்டினார். மூக்கில் குழாயோடு கிடப்பவனிடம் என்ன சண்டை போடுவது? இரண்டாம் நாள் நீ போய்விட்டாய்.

வருடங்கள் போகப் போக, என் வேலையைப் பார்த்தே பழி போய்விட்டது. நான் கட்டிய இஞ்சின்கள் ஓடுகின்றன, ஆட்கள் தேடி வருகிறார்கள். உன் மன்னிப்புதான் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை உன் மூஞ்சியில் விட்டெறிய நீ இல்லை.