வெண்ணெயா, கழுதையா

இன்று காலை, மாடியில் தங்கியிருக்கும் இத்தாலிக்காரர் படியில் நின்று, "புர்ரோ?" என்று குரல் கொடுத்தார். அடுக்களையில் தோசை திருப்பிக்கொண்டிருந்த நான், "தோ வந்துட்டேங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, அவர் கேட்டது வெண்ணெய். என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட இந்த வீட்டில் இனி நீங்கள் இல்லை.

மாடி அறைகளை வெளிநாட்டுக்காரர்களுக்கு விடத் தொடங்கிய புதிதில், இன்னோர் இத்தாலிக்காரர் இதே சொல்லைச் சொல்லி, ரொட்டியின் மேல் இல்லாத கத்தியால் தடவிக் காட்டினாரே, நினைவிருக்கிறதா? எதிரே இருந்த போர்ச்சுகல் அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் ஊரிலும் பக்கத்து ஸ்பெயினிலும் புர்ரோ என்றால் கழுதையாம். நீங்கள் அடுக்களைக்கு ஓடிவந்து, "ஏ புள்ள, மேல ஒருத்தர் ரொட்டில கழுதையைத் தடவிக் கேக்குறாரு!" என்றீர்கள்.

அன்று முதல் நான் உங்களுக்குப் புர்ரோ. எனக்குக் கோபம்தான். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் யாரிடமும் தலை குனிந்தவள் இல்லை. "வெண்ணெயா, கழுதையா? இப்பவே சொல்லுங்க" என்று இடுப்பில் கை வைத்து நின்றேன்.

"சாயா குடிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."

பிறகு தினமும் அதே விளையாட்டு. நீங்கள் கூப்பிடுவீர்கள், "இன்னைக்கு எது?" என்பேன். சாயா நன்றாக இருந்தால் வெண்ணெய். மீன் வாங்க விரட்டினால் கழுதை.

ஆஸ்பத்திரியில் கடைசியாக ஒரு முறை கூப்பிட்டீர்கள். குனிந்து, "இன்னைக்கு எது?" என்றேன். சிரித்தீர்கள். அவ்வளவுதான்.

காலையில் நடந்ததை எர்ணாகுளத்தில் படிக்கும் பேத்தியிடம் போனில் சொன்னேன். உடனே தேடிப் பார்த்தாள். "நன்னிமா, ரெண்டும் வேற வேற சொல்லாம். வெண்ணெய் கிரேக்கத்துலேர்ந்து வந்துச்சாம். கழுதை, லத்தீன்ல குட்டிக் குதிரைக்கு இருந்த பேருலேர்ந்தாம். பேசிப் பேசித் தேஞ்சு ஒரே மாதிரி ஆயிடுச்சாம்."

"நானும் உங்க நன்னாவும் மாதிரி. அவரு பாலக்காடு, நான் மட்டாஞ்சேரி" என்றேன். அவள் சிரித்தாள். கிளாஸுக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டாள்.

ஆறிப்போயிருந்த சாயாவைக் குடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. வெண்ணெய் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். சொல்லவில்லை. அது நீங்கள் சொல்ல வேண்டியது.

நாளைக் காலையும் அவர் படியில் நின்று கூப்பிடுவார். "வந்துட்டேங்க" என்றுதான் சொல்லப்போகிறேன். அவருக்கு வெண்ணெய் கிடைத்தால் போதும்.