சலவைக்கடையில் லாம்டா

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சௌக்கியம். அப்பாவும் சௌக்கியம்தான், ஆனால் கிரேக்க எழுத்து படிக்கிறார். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

எல்லாம் உன்னால் வந்த வினை. ஒளியைப் பற்றி நீ எழுதிய கட்டுரையை அனுப்பினாய், சந்தோஷம். அதில் என்ன இருக்கிறது என்று அப்பா போனில் கேட்டபோது, அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுப்பா என்று சிரித்துவிட்டாய். அன்றைக்கு அவர் ஒரே சட்டையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் நூலகத்துக்குப் போய், உன் கட்டுரை முழுக்க இருக்கும் அந்தக் கிரேக்க எழுத்துகளைப் பற்றி ஒரு தடிமனான புத்தகத்தோடு வந்தார். அதிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. கிரேக்கர்கள் இந்த எழுத்துகளை ஃபினீசிய வியாபாரிகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்களாம், ஆல்பா முதலில் மாட்டுத் தலையாம், பீட்டா வீடாம். அந்த வியாபாரிகளிடம் உயிரெழுத்தே கிடையாதாம், தங்களுக்குத் தேவைப்படாத எழுத்துகளை எடுத்துக் கிரேக்கர்கள் உயிரெழுத்தாக்கிக்கொண்டார்களாம். பழைய வேட்டியைக் கிழித்துத் தலையணை உறை தைக்கிறோமே, அது மாதிரிதானே என்றேன், முறைத்தார். எண்களுக்கும் இதே எழுத்துகள்தானாம். அப்படியென்றால் நம் கடைக்கு மட்டும் ஏன் கூடாது என்று வாடிக்கையாளர் குறிகளையெல்லாம் மாற்றிவிட்டார். பல் டாக்டருக்குக் காமாவாம், γ. பாண்டு வாத்தியக்காரருக்கு லாம்டாவாம், λ. துண்டுத் துணியில் எழுதி, வெளுக்க வந்த அவரவர் கோட்டுச் சட்டையில் குத்திவிட்டார்.

துணியைப் பார்க்காதே, குறியைப் பார் என்பது நம் கடையில் அவர் போட்ட சட்டம். நானும் குறியைப் பார்த்தே பொட்டலம் கட்டினேன். அந்த இரண்டையும் தலைகீழாகத் திருப்பினால் அதுதான் இது, இதுதான் அது என்று எனக்கு யார் சொன்னார்கள்? வாத்தியக்காரர் டாக்டரின் வெள்ளைக் கோட்டில் ஊர்வலத்தின் முன்னால் போக, யாருக்கு என்ன ஆச்சு என்று தெருவே பதறியிருக்கிறது. டாக்டரிடம் மாற்றுக் கோட்டு இல்லை, தங்கக் குஞ்சம் தொங்கும் சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். பல்வலியோடு வந்தவர் பிளந்த வாயை மூடவேயில்லையாம், பல்லைப் பிடுங்க வசதியா இருந்துதும்மா என்று டாக்டர் என்னிடமே சொன்னார்.

இத்தோடு பைத்தியம் தெளியும் என்று நினைத்தேன். கடையில் பழைய குறிகள் திரும்பிவிட்டன, உண்மை. ஆனால் நேற்று உன் கட்டுரையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் விட்டுவிட்டுக் கிரேக்க எழுத்துகளை மட்டும் லாம்டா, தீட்டா, மறுபடி லாம்டா என்று கடைசிப் பக்கம்வரை உரக்கப் படித்தார். முடித்துவிட்டு, எம்பொண்ணு எழுதினதை நானும் படிச்சிட்டேன்ல என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லையடி. ஆமாங்க என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது அந்த லாம்டா அங்கே என்ன செய்கிறது என்று கேட்பார். எவ்வளவு நேரமானாலும் சொல்லு. புரியாது என்கிற வார்த்தை மட்டும் வேண்டாம். மாட்டுத் தலையில் கிளம்பி உன் கட்டுரைவரைக்கும் தனியாகவே வந்துவிட்டார் மனுஷன். மீதித் தூரத்துக்கு நீ எதிரே வா.

நோய் நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் நடந்து நீ நன்றாயிருக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வை.

காமா எது, லாம்டா எது என்று இன்றுவரை தெரியாத
உன் அம்மா