மூச்சு விடும் வீட்டை வாங்கினேன், அப்பா

எங்கே இருந்தாலும் என் குரலை அடையாளம் கண்டுகொள்ளும் அப்பாவுக்கு,

இங்கே பிளானோ என்ற ஊரில் ஒரு வீடு வாங்கியிருக்கிறேன். செங்கல் வீடு, மூன்று அறை, பின்னால் கொஞ்சம் புல்தரை. நான்கு பேர் முன்னால் வாய் திறக்காத பிள்ளை எப்படி வீடு வாங்கினாள் என்று நினைப்பீர்கள். உண்மையைச் சொன்னால், கண்ணால் பார்த்து வாங்கவில்லை. ஒரு சத்தத்தைக் கேட்டு வாங்கினேன்.

வீடு காட்டியவர் ராகவன் அங்கிள், சென்னைக்காரர், ரியல் எஸ்டேட் ஏஜென்ட். போன டிசம்பரில் ஒரு காலை. வெளியே புல் எல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது.

"இந்த வீட்ல கேஸ் கனெக்‌ஷனே கிடையாதும்மா. ஹீட் பம்ப். வெளியில ஏசி மாதிரி ஒரு யூனிட் இருக்கும். வெளிக்காத்துல இருக்கிற சூட்டை இழுத்து உள்ள விடும்."

"வெளியில இவ்வளவு குளிருதே அங்கிள்?"

"அந்தக் குளிர்லயும் சூடு இருக்கும்மா. நமக்குத்தான் தெரியாது, மிஷினுக்குத் தெரியும்."

தூத்துக்குடி ஐஸ் கம்பெனியில் முப்பது வருஷம் கம்ப்ரசர் ஓட்டிய உங்களுக்கு இது புதிதல்ல. தண்ணீரிலிருந்து சூட்டை உருவி வெளியே தள்ளினால் ஐஸ்கட்டி. காற்றிலிருந்து உருவி உள்ளே தள்ளினால் கதகதப்பு.

நான் தலையாட்டிக்கொண்டிருந்தபோது இயந்திரம் நின்றது. ஒரு கணம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு வெளியிலிருந்து நீளமாக ஒரு மூச்சு. கூரையிலிருந்த காற்றுத் துவாரம் வழியாகச் சில்லென்று என் கழுத்தில் காற்று பட்டது. ஜன்னலுக்கு வெளியே, யூனிட்டின் மேல் ஓர் ஆள் உயரத்துக்கு வெள்ளையாக ஆவி எழுந்தது. கொஞ்சம் நின்று, கலைந்தது.

"பயந்துட்டியா? டிஃப்ராஸ்ட்டும்மா. வெளி யூனிட்ல பனி புடிச்சா அதுவே உருக்கிக்கும்" என்று சிரித்தார் அங்கிள்.

நான் பயப்படவில்லை. அந்த மூச்சு எனக்குத் தெரிந்த மூச்சு. இரண்டு வருஷத்துக்கு முன்னால், நீங்கள் படுத்த படுக்கையாக இருந்தபோது, கடைசியாகப் போனில் கேட்டது. என் கிரீன் கார்டு பேப்பர் பாதியில் இருந்தது. அனுமதி வாங்காமல் நாட்டை விட்டுப் போனால் திரும்ப முடியாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதனால் நான் வரவில்லை. அப்பாவிடம் கொடு என்று அம்மாவிடம் கெஞ்சினேன். ரிசீவரில் பேச்சு வரவில்லை. நீளமாக ஒரு மூச்சு. ஓர் இடைவெளி. மறுபடி ஒரு மூச்சு. போன் கார்டு தீரும்வரை நான் பேசிக்கொண்டே இருந்தேன். மறுநாள் சித்தப்பா கூப்பிட்டு, நீங்கள் போய்விட்டதாகச் சொன்னார்.

அன்றே அங்கிளிடம் அந்த வீடு வேண்டும் என்றேன். அடுப்படி பிடித்துப்போயிற்று என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஜனவரியில் அம்மா வந்தாள். ஆறு மாத விசா. எப்படியாவது இங்கேயே தங்கவைத்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். மின்சார அடுப்பில் பால் காய்ச்சினோம். "தீயே இல்லாம பொங்குது பாரு, களவாணி அடுப்பு" என்று அம்மா சிரித்தாள். அப்போது வெளியே அந்த மூச்சு கேட்டது. அம்மாவின் கையிலிருந்த கரண்டி நின்றது. என் முகத்தைப் பார்க்காமல் பாலை இறக்கினாள். அதற்குப் பிறகு அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் நானும் அவளும் பேச்சை நிறுத்தினோம். ஏன் என்று ஒருவரை ஒருவர் கேட்கவில்லை.

போன வாரம் மழையே பனிக்கட்டியாக விழும் என்று டிவியில் எச்சரித்தார்கள். அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லா யூனிட்டுக்கும் உறை போட்டிருந்தார்கள். அவையெல்லாம் வெறும் ஏசி, குளிர்காலத்தில் ஓடாது, அந்த வீடுகளுக்குச் சூடு கேஸிலிருந்து வருகிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. நம்முடையது மட்டும் வெட்டவெளியில் நனைந்துகொண்டு நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நீங்கள் ஐஸ் அறைக்குள் போகும்போது போர்த்திக்கொள்ளும் கம்பளியை அம்மா கொண்டுவந்திருந்தாளே, அதை எடுத்துப் போய் யூனிட்டைச் சுற்றிப் போர்த்தி, நைலான் கயிற்றால் கட்டினேன். இன்ஜினியரிங் படித்தவள்தான் நான்.

காலையில் வீடு சவமாகக் குளிர்ந்திருந்தது. சுவரிலிருந்த தெர்மோஸ்டாட்டில் சிவப்பு விளக்கு. எவ்வளவு நேரம் காத்திருந்தும் மூச்சு வரவில்லை. அங்கிளைக் கூப்பிட்டேன்.

"போத்திட்டியா? கம்பளியா? ஏம்மா, அதுக்கென்ன ஜுரமா?" என்றார். "மூக்கையும் வாயையும் பொத்திட்டு எப்படிம்மா ஓடும்? கரன்ட் பாக்ஸ்ல ஹீட்டருக்கான பிரேக்கர் சுவிட்ச் எல்லாத்தையும் ஆஃப் பண்ணு. வெதுவெதுன்னு தண்ணி ஊத்து. ஐஸ் போனதும் ஆன் பண்ணு."

பிரேக்கரை எல்லாம் அணைத்துவிட்டு, கயிற்றை அறுத்துக் கம்பளியை உருவினோம். விறைத்துப்போயிருந்தது. புல்தரையில் வைத்ததும் விழவில்லை. தலை குனிந்த ஓர் ஆளைப்போல, உள்ளே யாரும் இல்லாமல், தானாக நின்றது.

அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குடத்திலிருந்து யூனிட்டின் மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள்.

"அன்னைக்கு ஒங்க அப்பாவுக்கும் இப்படித்தாம்ட்டி நானும் சித்தியும் தண்ணி ஊத்துனோம். அஞ்சு மணி இருக்கும். வெளக்குகூட வைக்கல."

"மறுநாளாம்மா?"

"இல்ல, நீ போன் பண்ண அன்னைக்கே."

"அன்னைக்கு அங்க ராத்திரி ஏழு மணிக்குத்தானே நான் போன் பண்ணேன்?"

குடம் அப்படியே சாய்ந்து நின்றது. தண்ணீர் அவள் காலில் கொட்டியது.

"அவிய நாலு மணிக்கே போயிட்டாவ" என்றாள் அம்மா. "நீ குடு குடுன்னு அழுத. பரதேசத்துல ஒத்தையில இருக்க பிள்ளகிட்ட எப்படிட்டி சொல்லுவேன்? ரிசீவர என் வாயிலதான் வச்சேன். நீ கேட்டது என் மூச்சுட்டி."

அவள் கையிலிருந்து குடத்தை வாங்கி மீதித் தண்ணீரை நான் ஊற்றினேன். ஐஸ் பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது.

உள்ளே வந்து அடுப்படியில் உட்கார்ந்தோம். பிரேக்கரை நான் இன்னும் போடவில்லை. அப்போது கூரைத் துவாரத்திலிருந்து நீளமாக ஒரு மூச்சு வந்தது. ஓர் இடைவெளி. மறுபடி ஒன்று. என் கழுத்தில் காற்று பட்டது. இந்த முறை அது குளிரவில்லை.

அம்மா நிமிர்ந்தாள். "சுவிட்ச அமத்திட்டேல்லா?"

"அமத்திட்டேம்மா. எல்லாத்தையும்."

எழுந்து போய்ப் பார்த்தேன். எல்லாம் அணைந்தே இருந்தன. திரும்பி வந்தபோது அம்மா முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டிருந்தாள். "சரி, இருக்கட்டும்" என்றாள். அவ்வளவுதான். 

அது நீங்களா, அப்பா? இல்லை, குழாயில் தங்கியிருந்த காற்றா? நீங்களாக இருந்தால், நான் போர்த்திவிட்டதற்காக வந்தீர்களா, எடுத்துவிட்டதற்காகவா?

எனக்கு இப்போது ஒன்று மட்டும் உறுத்துகிறது. அன்று போனில் நான் சொன்னது எதுவும் உங்கள் காதில் விழவில்லை. "இப்ப வந்தா திரும்ப முடியாதுன்னுதாம்ப்பா வரல, கோவமா?" என்று கேட்டேன். பதிலுக்கு வந்த மூச்சை, கோபம் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு வருஷம் அதை வைத்துத்தான் தூங்கினேன். அது அம்மாவின் பதில். உங்களுடைய பதில் என்னவென்று எனக்குத் தெரியாது.

கிரீன் கார்டு இன்னும் வரவில்லை; பயண அனுமதிக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். அது வந்தால் நல்லது. வராவிட்டால் இந்த வீடும் வேலையும் போகும், போகட்டும். ஜூனில் அம்மா திரும்பும் விமானத்தில் அவளுக்குப் பக்கத்து இருக்கை என்னுடையது. உங்கள் சாம்பலைக் கரைத்த கடலில் இடுப்பளவு இறங்கி, அந்தக் கேள்வியை மறுபடி கேட்பேன். பதில் வரும்வரை கரையேற மாட்டேன்.

உங்கள் பிள்ளைகளில் மூத்தவள்,
இன்னும் உங்கள் முகத்தைக் கடைசியாகப் பார்க்காத மகள்.