சக்களத்தி சம்பங்கி

மாமா,

போன வாரம் கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீ சிட்டி பேக்டரிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, முன் சீட்டுப் பெண்ணின் போனிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. எட்டிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. அவள்தான், சம்பங்கி. முதலில் மூக்கால் ஒரு சின்னச் சிரிப்பு, பிறகு அதை அடக்கப் பார்த்து முடியாமல் வாய்விட்டு ஒரு சிரிப்பு. நீ செத்து இரண்டு வருஷம் ஆகியும் அவள் மட்டும் அதே வயதில், அதே சிரிப்போடு ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறாள். வயிறு எரிந்தது எனக்கு. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே எரிந்தது.

"இன்னாம்மா பாக்குற?" என்று கேட்டேன்.

"பழைய படம்க்கா. திருப்பதில மறுபடி ரிலீஸ் பண்ணிகிறாங்க. டிக்கெட்டே கெடைக்கல" என்றாள். அந்தப் பெண் பிறப்பதற்கு முன்னால் வந்த படம். வந்தபோது மெட்ராசில் ஒரு வாரம்கூட ஓடவில்லை என்று நீதான் சொல்வாய். நம்மூர் ஆந்திராப் பக்கம் என்பதால் தெலுங்கில் டப்பிங் செய்து புத்தூருக்கு அனுப்பினார்கள். தறி ஷெட்டு ஆட்கள் பூராவும் அங்கே போய் விழுந்தீர்கள். தமிழில் அந்தக் கதாநாயகியின் பெயர் செண்பகம். தெலுங்கில் சம்பங்கி. நாராயணவனத்துத் தமிழன் நீ, ஆனால் உனக்கு அவள் சம்பங்கிதான். தமிழ்ப் பெயரைச் சொன்னால் வேறு யாரையோ சொல்வது போல முகத்தைச் சுளிப்பாய்.

அப்படி என்ன இருந்தது அவளிடம்? திருவிழாவில் மரணக் கிணற்றில் மோட்டார் பைக் ஓட்டுகிறவள். பலகைச் சுவரில் அவள் சுற்றிச் சுற்றி ஏற, மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஹீரோ பார்த்துக்கொண்டே இருப்பான். கதை அவ்வளவுதான். அதை எத்தனை தடவை பார்த்தாய் என்று கணக்கே இல்லை. புத்தூரில் எப்போது மறுபடி போட்டாலும் நீயும், பக்கத்துத் தறி சேகரும் கிளம்பிவிடுவீர்கள். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை என்னையும் கூட்டிப்போனாய். கவிதா அப்போது வயிற்றில். இடைவேளைக்கு முன்னாலேயே எனக்கு வாந்தி வந்து, மீதியைப் பார்க்காமல் ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிட்டோம். வழி முழுக்க உன் மூஞ்சி தொங்கிக்கிடந்தது. எனக்காகவா, படம் போச்சே என்றா? நான் கேட்கவில்லை.

பெண் பிறந்ததும் சம்பங்கி என்று பெயர் வைக்கலாம் என்றாய். ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"ஊட்ல ஒருத்தி போதாதா? அவளயும் பேர் வெச்சிக் கூப்புடணுமா?"

"ஏய், அது பூ பேருடி."

"எனக்குத் தெரியும் அது எந்தப் பூன்னு. வெச்சே, புள்ளயத் தூக்கிக்கினு எங்க நைனா ஊட்டுக்குப் போயிடுவேன்."

நீ சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாய். ஆனால் வசனத்தை விடவில்லையே! சாப்பாட்டில் உப்பு குறைந்தால் அந்தப் படத்து வில்லன் பேசுவான், சைக்கிள் பஞ்சரானால் காமெடியன் பேசுவான், எல்லாம் தெலுங்கில். சதா தறிச் சத்தத்தில் கிடந்தவன் என்பதால் உன் தொண்டை எப்போதும் உச்சத்தில்தான் இருக்கும். கோயில் தெருவரை கேட்கும்.

ஒரு வசனம் மட்டும் மெதுவாக வரும். காலையில் ஷிப்டுக்குப் புறப்படும்போது வாசற்படி வரை போய், திரும்பி நின்று, "ஆகு பில்லா, ஒகசாரி சூசி போதா" என்பாய். நில்லு பொண்ணே, ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன். சம்பங்கி பைக்கில் ஏறும் முன்னால் ஹீரோ அவளிடம் சொல்வது என்று நீயே சொல்லியிருந்தாய். எனக்கு அதைக் கேட்டாலே ஆகாது. பாத்திரம் தேய்த்த கையோடு நிற்கிற என்னைப் பார்த்து அவளுக்கான வசனம் எதற்கு? சொல்வதற்கு உனக்குச் சொந்தமாக ஒரு வார்த்தை கிடையாதா? "போ, போய் அவளயே பாரு!" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருக்கிற உங்க நைனா, "இவனுக்கு சினிமாப் பைத்தியம் புட்ச்சிக்கினு கீது" என்று தலையிலடித்துக்கொள்வார். நீ செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விடுவாய்.

பிறகு வீட்டுக்கு டிவி வந்து, ஒரு மத்தியானம் அதே படத்தைத் தமிழில் போட்டார்கள். அந்த இடம் வரும்வரை அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஹீரோ கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, "பெட்ரோல் பாத்தியா?" என்று மட்டும் கேட்டான். வேறு ஒன்றும் இல்லை. சாயந்திரம் நீ வந்ததும் பிடித்துக் கேட்டேன்.

"அது தமிழு. தெலுகுல வேற. டப்பிங்ல மாத்துவானுங்க, உனுக்கு இன்னா தெரியும்?" என்றாய், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல். நானும் நம்பினேன். நம்மூரில் எல்லாமே இரண்டாகத்தானே இருக்கிறது? பஸ் போர்டு ஒரு பாஷை, வீட்டுப் பேச்சு ஒரு பாஷை. சினிமாக்காரனும் ஆளுக்கொரு வசனம் வைத்திருப்பான் என்று விட்டுவிட்டேன்.

கம்பெனி பஸ்ஸில் அந்தச் சிரிப்பைக் கேட்ட அன்று ராத்திரியே சேகருக்குப் போன் செய்தேன். "நீயும் உங்கண்ணனும் உருகி உருகிப் பாத்தீங்களே, அத நானும் ஒரு வாட்டி பாக்கணும். தெலுகுல பின்பாதி நான் பாத்ததேயில்ல" என்றேன். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ராண்டி வதினா, நேனு இப்புடே டிக்கெட் சூஸ்தா" என்று தெலுங்கில் பொரிந்தான்; வாங்க அண்ணி, இப்பவே டிக்கெட் பார்க்கிறேன் என்று. ஞாயிற்றுக்கிழமை திருப்பதிக்குப் போனோம்.

அந்தத் தியேட்டரை நீ பார்த்திருக்க வேண்டும். எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். சட்டையில் அவள் படம். திரையில் வாய் திறப்பதற்குள் இவர்கள் சொல்லிவிடுகிறார்கள். உப்பு வசனம், பஞ்சர் வசனம், ஒன்று பாக்கியில்லை. நம் வீட்டுச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் நான் கேட்டதையெல்லாம் முன்பின் தெரியாத பையன்கள் விசிலடித்துச் சொல்ல, எனக்கு ஆத்திரமாக வந்தது. இவர்களுக்கு யார் கொடுத்தது இதை? ஆனால் கொஞ்ச நேரத்தில் ஒன்று புரிந்தது. கதை தெரிந்துகொள்ள யாரும் அங்கே வரவில்லை. அடுத்து என்ன வரும் என்று தெரிந்தே வருகிறார்கள். நாளைக்கு வேலை இருக்குமா, மழை வருமா என்று ஒன்றும் தெரியாத ஊரில், அவள் கிணற்றுக்குள்ளிருந்து பத்திரமாக மேலே வருவாள் என்பது மட்டும் நிச்சயம். நீயும் அதற்குத்தான் போனாயோ என்னவோ.

அந்த இடம் வந்தது. சம்பங்கி பைக்கை உதைத்தாள். ஹீரோ குனிந்தான். நான் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தியேட்டரே எழுந்து நின்று கத்தியது: "பெட்ரோலு சூசுகுன்னாவா?"

அவ்வளவுதான். தெலுங்கிலும் அதே பெட்ரோல் கேள்வி. அவள் சிரித்தாள், வண்டி சுற்ற ஆரம்பித்தது.

சரி, இன்னொரு இடத்தில் வரும் என்று காத்திருந்தேன். கடைசி எழுத்து ஓடி முடிந்து விளக்குப் போட்டபிறகும் நான் எழுந்திருக்கவில்லை.

"சேகரு, அந்த வசனம் எங்கடா?"

"ஏ வசனம் வதினா?"

சொன்னேன். அத்தனை பேர் நடுவில் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சேகர் யோசித்துவிட்டுத் தலையாட்டினான். "இதுல லேது வதினா. ரீலு ரீலா எனுக்கு மனப்பாடம். அப்டி ஒண்ணு தமிழுலயும் லேது, தெலுகுலயும் லேது." பிறகு அவனுக்கே உறைத்து வாயைப் பிளந்தான். "அப்போ அண்ணனே சொந்தமா சொல்லிகிறாரா? ஐயய்யோ, சூப்பர் வதினா! நம்ம பேன்ஸ் குரூப்ல போடவா? எல்லாரும் ஆடிப் போயிடுவானுங்க."

"போட்டே, செருப்பால அடிப்பேன்" என்றேன். அவன் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அடப்பாவி! ஒரே அறை, சமையல்கட்டு, வாசலில் உங்க நைனா. அவர் காதுபட, பெண்டாட்டியைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று எந்த மகன் சொல்வான்? சினிமா வசனம் என்றால் பைத்தியம் என்று தலையிலடித்துக்கொள்வார், அதோடு போகும். அவரை ஏமாற்றினாய், சரி. என்னை எதற்கு ஏமாற்றினாய்? ஒரு நாள், அவர் போய்ச்சேர்ந்தபிறகாவது, காதோடு சொல்லியிருக்கக் கூடாதா?

சம்பங்கி மேல் இருந்த கோபம் புத்தூர் வருவதற்குள் போய்விட்டது. பாவம் அவள். அத்தனை அழகு, அத்தனை விசில். அவளுக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு பெட்ரோல் கேள்விதானே. கம்பெனி பஸ்ஸில் அந்த முன் சீட்டுப் பெண் இப்போதும் அவளைப் போட்டுப் பார்க்கிறாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பாமல் கேட்டுக்கொண்டு வருகிறேன்.

ஆனால் பொறாமை போகவில்லை மாமா. ஆள்தான் மாறியிருக்கிறது. ஈரக் கையோடு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, போய் அவளையே பார் என்று சொன்னாளே ஒருத்தி, இப்போது அவள் மேல்தான். ஒவ்வொரு நாள் காலையும் ஒருவன் அவளை நின்று பார்த்துவிட்டுப் போனான். அது தனக்குத்தான் என்றுகூடத் தெரியாமல், அத்தனையையும் அவளே வாங்கி வைத்துக்கொண்டாள். எனக்கென்று ஒரு காலை கூட மிச்சம் வைக்கவில்லை.