பெயரில்லாத சிப்பாய்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கிலாந்திலிருந்து செல்வி எழுதுகிறேன். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? நான் நலம்.

நேற்று ஆஸ்பத்திரி வேலை முடிந்து இங்குள்ள பழைய சர்ச்சுக்குப் போனேன். அதைச் சுற்றிப் போரில் இறந்த வீரர்களின் கல்லறைகள். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவு வெள்ளைக் கல். பிரமித்து நின்றுவிட்டேன்.

ஒரு கல்லில் பெயரே இல்லை. ‘கடவுள் அறிவார்’ என்று மட்டும் இருந்தது.

“எந்த ஊரு தம்பி ஒனக்கு?” என்று என்னையறியாமல் தமிழில் கேட்டுவிட்டேன்.

அந்தக் கல்லுக்குப் பூ வைக்க வந்த பெண்ணிடம், “உங்கள் உறவினரா?” என்றேன்.

“இல்லை. இவர் அம்மாவால் வர முடியவில்லையே, அதனால்தான்” என்றார்.

கல்லறைத் திருநாளுக்கு என்னாலும் வர முடியாது. அம்மா கல்லறைக்கு என் பங்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். பக்கத்தில் யாருமே வராத கல்லறை ஒன்று இருக்கிறதே, அதற்கும் ஏற்றுங்கள், அப்பா.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள்
அன்புச்செல்வி