அவசரப்பட்டு எழுதிய ஸ்தோத்திரச் சீட்டு

மதினி,

முந்தாநாள் என் பெரிய பேரன் தன் பிள்ளைகளோடு குற்றாலத்துக்குப் போய்விட்டு வந்தான். ஈரத் துண்டைப் பிழியாமல் சுருட்டி என் கட்டில் ஓரத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டான். பேங்கில் ஆபீசர். ஊரே அவனை சார் என்கிறது. துண்டு காயப்போட மட்டும் தெரியாது. எடுத்து உதறினேன். நல்லெண்ணெய்ப் பிசுக்கும் அருவித் தண்ணியும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறினதும் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் கர்த்தரிடம் போய் எட்டு மாதம் ஆகிறது. உங்களுக்கு எழுதவேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. அஞ்சாம் வகுப்புத் தமிழ்தான். ஆனால் என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று அன்றைக்கு வாத்தியாரே சொல்லியிருக்கிறார். அந்தப் பெருமைதான் உங்களை ஒரு தடவை படாத பாடு படுத்தியது.

அண்ணனைக் கட்டிக்கொண்டு புளியங்குடியிலிருந்து தென்காசிக்கு நீங்கள் வந்தபோது எனக்குப் பதினாறு வயசு. வந்த மூன்றாம் நாளே என் சடையைப் பிடித்து, "ஏட்டி, இது சடையா, மாட்டுக் கயிறா?" என்று கேட்டீர்கள். அம்மாவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணன் மரக்கடையிலிருந்து தலையெல்லாம் மரத்தூளோடு வருவான். "வாங்க, வெள்ளத் தலையோட வாரிய, நீங்களா உங்க அப்பாவா?" என்பீர்கள். அதுவரை ஜெபச் சத்தமும் பாத்திரச் சத்தமும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த வீடு அது.

அடுத்த வருஷம் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை, நல்ல நிறை, குறை ஒன்றும் இல்லை. அதனால்தான் ஒருவருக்கும் விளங்கவில்லை. நாற்பது நாள் கழிந்தும் நீங்கள் சுவரைப் பார்த்தே படுத்திருந்தீர்கள். பிள்ளை அழுதால் காதில் விழாததுபோல் இருப்பீர்கள். மடியில் கொண்டுவந்து வைத்தால் தொடாமல் கையை மடக்கிக்கொள்வீர்கள். சோறு தட்டிலேயே காயும். "கர்த்தர் கேட்டதைக் குடுத்திருக்காரு, இவளுக்கு என்ன குறை?" என்று அம்மா கேட்பாள். கேட்கிற ஒவ்வொரு தடவையும் நீங்கள் இன்னும் கொஞ்சம் சுருங்கிப்போவீர்கள்.

அண்ணன் பாவம், வெளியே சொல்ல வெட்கப்பட்டாலும் விசாரித்துக்கொண்டுதான் இருந்தான். பாளையங்கோட்டையில் இந்த மாதிரி மனசு நோவுக்கு ஒரு டாக்டரம்மா பார்க்கிறார்கள் என்று தெரியவந்தது. திங்கட்கிழமை கூட்டிப்போவது என்று முடிவானது.

அதற்கு முந்தின வியாழக்கிழமை பக்கத்து வீட்டு கோமதி ஆச்சி வந்தார்கள். சாரல் கட்டி அடிக்கிற நாள். "புத்தி கலங்கினவுகளை எங்கெங்கேயோ இருந்து குத்தாலத்துக்குக் கூட்டியாந்து அருவில நிறுத்துதாக. நீங்க பக்கத்துல இருந்துக்கிட்டு யோசிக்கியளே" என்றார்கள். "நாங்க ஜெபம் பண்ணுத குடும்பம் ஆச்சி" என்று அம்மா இழுத்தாள். "தண்ணிக்கு என்ன மதம்? குளிச்சிட்டு வந்து ஜெபம் பண்ணுங்க" என்று ஆச்சி முடித்துவிட்டார்கள்.

மறுநாள் நானும் நீங்களும் பஸ் ஏறினோம். உங்கள் தலையில் எண்ணெயை வைத்துத் தேய்த்து, கையைப் பிடித்துப் பேரருவியில் பெண்கள் பக்கம் நிறுத்தினேன். அடி அடி என்று தலையில் விழுகிற தண்ணிக்குள் நீங்கள் வெகு நேரம் நின்றீர்கள். நான் கூப்பிட்டும் வரவில்லை. வெளியே வந்தபோது கண்ணெல்லாம் சிவப்பு, முகத்தில் ஒரு தெளிவு. கடையில் இரண்டு இட்லி தின்றீர்கள். "சட்னி உப்பு கரிக்கி" என்று குறை வேறு சொன்னீர்கள். எத்தனையோ நாளைக்கு அப்புறம் ஒரு குறை! எனக்கு அங்கனயே கத்தி அழவேண்டும்போல இருந்தது. என் ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது என்று நினைத்தேன்.

நம் சபையில் ஒரு வழக்கம் உண்டு. சுகம் கிடைத்தால், வேலை கிடைத்தால், என்ன காரணம் என்று ஒரு சீட்டில் எழுதி ஸ்தோத்திரக் காணிக்கையோடு வைப்போம். சர்ச்சைக் கோயில் என்றும் பாதிரியாரை ஐயர் என்றும்தான் நாம் சொல்வோம். அந்த ஐயர் ஆராதனையில் எல்லார் முன்னாலும் அதை வாசிப்பார். இன்னும் கிடைக்காததையும் கிடைத்ததாக நம்பி ஸ்தோத்திரம் பண்ணுவது பெரிய விசுவாசம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தேன். எனக்குப் பதினேழு வயசு, பெரிய விசுவாசி ஆகிற ஆசை. உங்களைக் கேட்கவில்லை, அண்ணனைக் கேட்கவில்லை. கோடு போட்ட தாளில் மை ஊறாமல் அழகாக எழுதினேன்.

"என் அண்ணன் மனைவியை மனவியாதியிலிருந்து பூரணமாய்ச் சுகப்படுத்தினதற்காக."

ஐயர் குடும்பப் பெயரோடு வாசித்தார். வாசித்தபோது நான் உங்களைத் திரும்பிப் பார்த்தேன், நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று. நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதுவரைக்கும் சபையில் பாதிப் பேருக்கு உங்களுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றுதான் தெரியும்.

வாசலில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "பாத்தியளா, விசுவாசம் இருந்தா டாக்டர் எதுக்கு?" என்று ஒருத்தி உங்கள் கன்னத்தைத் தடவினாள். நீங்கள் சிரித்தீர்கள்.

திங்கட்கிழமை விடிந்தது. அண்ணன் வழக்கம்போல் மரக்கடைக்குக் கிளம்பினான். "பாளையங்கோட்டைக்குப் போகலையா?" என்று அம்மா கேட்டாள்.

"எப்படிம்மா போக? நேத்துதான் கோயில்ல வாசிச்சிருக்கு. இன்னைக்கு அதே நோவுக்கு வைத்தியம் பாக்கப் போனா கர்த்தர் நாமத்துக்கு அவமானம்லா?"

இப்படி என் ஒரு சீட்டு பஸ்ஸை நிறுத்திவிட்டது.

அதற்கப்புறம் நீங்கள் சிரித்துக்கொண்டே இருந்தீர்கள். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் அதே சிரிப்பு. அம்மா நம்பினாள். அண்ணன் நம்பவேண்டும் என்று நம்பினான். நானும் கொஞ்ச நாள் என்னை ஏமாற்றிக்கொண்டேன். ஆனால் உங்கள் வளையல் முழங்கை வரை ஏறி இறங்குவதைப் பார்த்தேன். யாரையும் கேலி பண்ணாத சிரிப்பு உங்கள் சிரிப்பே இல்லை என்று எனக்குத் தெரியும்.

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம். அம்மா சந்தைக்குப் போயிருந்தாள், பிள்ளை தொட்டிலில் தூங்கினான். கொல்லைக்கு வந்தால் நீங்கள் கிணற்றுச் சுவரில் ஏறி உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"மதினி, இறங்குங்க."

"ஏட்டி, எனக்குச் சுகமாயிட்டுன்னு எழுதிட்டேல்லா?" கோபமே இல்லாமல் கேட்டீர்கள். "அப்ப இது என்னது? கர்த்தர் குடுத்த சுகத்தைக் கூட வாங்கிக்கிடத் தெரியாதவளா நான்? இந்தப் பிள்ளைக்கு இப்படி ஒரு அம்மை எதுக்கு? போயிரலாம்னு இருக்கு."

ஓடிவந்து உங்கள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் துவைக்கிற கல்லில் சரிந்து உட்கார்ந்தோம். குற்றாலத்தில் அன்றைக்கு நன்றாகத்தானே இருந்தீர்கள் என்று அழுதுகொண்டே கேட்டேன்.

"அருவிக்குள்ள நின்னு அழுதா யாருக்கும் தெரியாதுல்லா. ஆசைதீர அழுதேன். அதான் லேசா இருந்துச்சு."

அம்மா வருகிறவரை உங்கள் கையை விடவில்லை. அன்றைக்குத்தான் முதல்முதலாக உங்களைக் கேட்டேன்: "நான் வேற சீட்டு எழுதட்டுமா மதினி?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். "எழுது. வியாதின்னு போடாத. மனசு சரியில்லன்னு போடு."

அண்ணன் குதித்தான். "குடும்ப மானத்தைக் கப்பலேத்தப் போறியா?" கிணற்றடியில் நடந்ததை என்னிடம் கேட்டுத் தெரிந்திருந்த அம்மா அவனுக்குச் சொன்னாள். அவன் குதிப்பதை விட்டுவிட்டு வாசல் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டான். ஆனால் சரி என்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை நான் தனியாக ஐயர் வீட்டுக்கு நடந்தேன்.

வாசித்துப் பார்த்துவிட்டு ஐயர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "காணிக்கையைத் திரும்ப வாங்குத வழக்கம் நம்ம சபைல இல்லையேம்மா."

"காணிக்கை இருக்கட்டும் ஐயா. எழுத்தை மட்டும் திருத்தணும்."

"சபை உன்னைத்தான் பேசும். பொய்ச் சாட்சி எழுதுனவள்னு சொல்லும்."

"நான்தானே எழுதுனேன்."

மறுநாள் வாசித்தார். "போன மாதம் என் மதினிக்குச் சுகமென்று நான் அவசரப்பட்டு எழுதினேன். அவர்களுக்கு இன்னும் மனசு சரியில்லை. டாக்டரிடம் போகிறார்கள். ஜெபித்துக்கொள்ளுங்கள்." கீழே என் பெயர். முன்னால் இருந்தவர்கள் எல்லாம் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் காது கொதித்தது. அப்போது பக்கத்திலிருந்து உங்கள் கை வந்து என் முழங்காலில் உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு சில பேர் என்னோடு பேசவில்லை. நான் பெரிய விசுவாசி என்கிற பெயர் அன்றோடு போயிற்று. ஆனால் அன்றைக்கு உங்கள் கன்னத்தைத் தடவினாளே, அவளே கோயில் சுவர் ஓரமாக வந்து உங்கள் காதில், "எனக்கும் மூணாவது பிள்ளைக்கு இப்படித்தான் இருந்துச்சு. யார்ட்டயும் சொல்லல" என்றாள்.

திங்கட்கிழமை அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு, "இவ எழுதுத சீட்டுக்கெல்லாம் நான் பஸ் ஏறி இறங்கணும், வா" என்று உங்களைக் கூப்பிட்டான். டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார்கள். பேசவும் விட்டார்களாம். ஒரு நாளில் ஒன்றும் ஆகிவிடவில்லை. பிள்ளை தவழ ஆரம்பித்த நேரத்தில்தான் நீங்களாக அவனைத் தூக்கினீர்கள். அதற்கப்புறமும் சில வருஷங்களில் அந்தக் கனம் திரும்ப வந்தது. வந்தால் நீங்களே சொல்லிவிடுவீர்கள், "எனக்கு மேகம் மூடிட்டுட்டி" என்று. ஜெபமா, மாத்திரையா என்று யாரோ கேட்டதற்கு, "ஜெபம் பண்ணுனா தனியா இல்லன்னு தெரியுது. மாத்திரை போட்டா எந்திரிக்க முடியுது. ரெண்டையும் ஒரே செம்புத் தண்ணில முழுங்குதேன், உமக்கு என்ன?" என்றீர்கள். அதைக் கேட்டபோதுதான் புளியங்குடியிலிருந்து வந்தவள் திரும்பக் கிடைத்துவிட்டாள் என்று தெரிந்தது.

நீங்கள் போனபிறகு எனக்கும் சில நாள் எழுந்திருக்கப் பிடிப்பதில்லை மதினி. கோயிலில் பார்க்கிறவர்கள் எல்லாம், "எப்படி இருக்கிய ஆச்சி?" என்று கேட்கிறார்கள். "ஸ்தோத்திரம், நல்லா இருக்கேன்" என்பதுதான் நம் ஆட்கள் சொல்கிற பதில். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னப் பெண் கேட்டாள். எனக்கு அந்தப் பதில் வரவில்லை.

"இன்னைக்கு சரியில்லட்டி" என்றேன்.

அவள் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் நின்றவள். கைப்பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் உங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.