கீசருக்குக் கீழே வைத்த பக்கெட்

ஈஜிபுரா, பெங்களூரு
ஞாயிறு மதியம்

அன்பு மகள் யாமினிக்கு,

அம்மா எழுதுகிறேன். எங்கள் இரண்டு பேர் உடம்புக்கும் இப்போது ஒரு குறையும் இல்லை, அப்பாவின் முழங்கால்கூட இந்த வாரம் சத்தம் போடாமல் இருக்கிறது. உன் சளி முழுசாகப் போயிற்றா, ஷில்லாங் மழை கொஞ்சமாவது ஓய்ந்ததா, துவைத்த துணி காய்கிறதா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். போனில் கேட்கலாம்தான், ஆனால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அவர் முன்னால் எனக்குப் பாதிப் பேச்சு வராது என்பது உனக்குத் தெரியாததா. நீ ஹாஸ்டலில் இருந்தபோது ஆரம்பித்த கடிதப் பழக்கம், நீ பேங்க் ஆபீசராகி அவ்வளவு தூரம் போன பிறகும் எனக்கு இதுதான் வசதியாக இருக்கிறது. நாங்கள் வந்து சேருவதற்கு முன்னால் உன் கைக்குக் கிடைத்துவிட வேண்டும் என்று ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன்.

முதலில் நல்ல சேதி. வெயிட்டிங் லிஸ்டில் கிடந்த கௌஹாத்தி ரயில் டிக்கெட் இரண்டும் கன்ஃபர்ம் ஆகிவிட்டன. எங்கள் பள்ளிக்கூட ஆபீசுக்கும் தசரா லீவு விட்டுவிட்டார்கள், ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம் கௌஹாத்தியா, அவ்வளவு தூரமா என்று கேட்டுவிட்டு எனக்கு ஒரு ஸ்வெட்டர் கொடுத்தார்கள். அப்பாவுக்கும் கம்பெனி பஸ்ஸுக்கு மாற்று டிரைவர் கிடைத்தாயிற்று. ஆனாலும் நேற்று வரைக்கும் நான் உனக்கு நிச்சயமாக எழுதத் துணியவில்லை. ஊர் சுற்றப் போவது என்றால் என்னவென்று உன் அப்பாவுக்குத் தெரியாது, நமக்கு லீவு என்றால் அவர் ஊரான கே.ஜி.எப். போய்க் கல்யாணத்திலோ சாவிலோ நின்றுவிட்டு அன்றைக்கே மாரிகுப்பம் ரயிலில் திரும்பி வருவதுதான். நீ முதல் தடவை கூப்பிட்டபோது மொட்டை மாடிக் கதவு உளுத்துவிட்டது, பூட்டு நிற்காது என்றார். போன வருஷம் ஷிஃப்ட் மாற்ற ஆள் இல்லை என்றார். இரண்டு தடவையும், அம்மாவ அனுப்பறேன்னு எழுது என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரை விட்டு நான் மட்டும் வந்தால் நீ அவர் வராததையே பார்த்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தோன்றியது, அதனால் நானும் வரவில்லை. இந்த முறையும் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். காவேரித் தண்ணீர் வருகிற நாளில் தரைக்கடியில் இருக்கிற சம்ப்புத் தொட்டியைத் திறந்துவிட யார் இருக்கிறார்கள், பால்காரனுக்கு யார் சொல்வது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், நானும் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தேன். கீசர் விஷயம் மட்டும் நான் எதிர்பார்க்காமல் வந்தது. அதைத்தான் எழுத வந்தேன்.

கீழ் வீட்டுத் தாரணியை உனக்கு நினைவிருக்கும், நீ போன தடவை வந்தபோது புதுசாகக் கல்யாணம் ஆகி வந்திருந்தாளே. அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, தலை நிறைய முடி. கீழ் வீட்டில் கீசர் கிடையாது. புருஷன் விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போனால் இருட்டித்தான் வருவான், அவள் ஒருத்தியாகக் குழந்தையையும் வைத்துக்கொண்டு அடுப்பில் வெந்நீர் வைத்துத் தூக்கிக்கொண்டு நடப்பதைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். நாங்கள் ஊரில் இல்லாத நாளெல்லாம் மேலே வந்து நம் பாத்ரூமிலேயே குழந்தையைக் குளிப்பாட்டிக்கொள், சாவியை உன்னிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று சொன்னேன். அப்படிச் சொன்ன பிறகு, கீசரை எப்படிப் போடுவது, எப்படி அணைப்பது என்று காட்டித்தர வெள்ளிக்கிழமை அவளை மேலே கூட்டிக்கொண்டு வந்தேன். எல்லாம் பார்த்துவிட்டு அவள், "அக்கா, இந்தக் காலி பக்கெட் எதுக்கு இங்க?" என்று கேட்டாள்.

அந்தப் பச்சைப் பக்கெட் உனக்குத் தெரியும். கீசர் சூடாகும்போது அடியில் இருக்கிற வால்விலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சொட்டும், அதைப் பிடித்து நான் வீடு துடைப்பேன். உன் அப்பாவுக்கு அந்தச் சத்தமே ஆகாது. அவர் பிறந்த சுரங்கத் தொழிலாளர் லைனில் அத்தனை வீட்டுக்கும் ஒரே குழாய், தாத்தா சுரங்கத்திலிருந்து ஏறி வந்து குளிப்பதற்கு இவர் பள்ளிக்கூடம் போகாமல் குடத்தோடு நின்றிருக்கிறார். பக்கத்து வீட்டுக் குழாய் ஒழுகினால்கூடப் போய்க் கதவைத் தட்டுகிற ஆள். கொஞ்ச நாளாகப் பக்கெட் காய்ந்து கிடப்பதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால் முதலில் புஸ்ஸென்று சீறுவதையும் கவனித்தேன். இரண்டையும் சேர்த்து நினைக்கத்தான் இல்லை. தாரணி கேட்ட பிறகு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், வால்வு வாயில் பளபளவென்று பித்தளை மூடி ஒன்று போட்டு இறுக்கியிருக்கிறது. யார் போட்டது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தாரணியை இன்றைக்குத் தொட வேண்டாம் என்று அனுப்பிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். கீசர் மேலேயே கம்பெனி நம்பர் ஒட்டியிருக்கிறது. நம் குடும்பத்தில் முதலில் டிகிரி வாங்கியவள், உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு கடைசிப் பரீட்சை எழுதியவள், இன்றைக்கும் தெரியாத ஆளுக்குப் போன் போடத் தயங்குகிறேன். என்ன கேட்க வேண்டும் என்று கன்னடத்தில் மனதுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். எடுத்த பெண் நல்ல மாதிரி. சூடாகும்போது தண்ணீர் பெருகும், அந்த அழுத்தம் வெளியே போகத்தான் அந்த வால்வு, அதை அடைத்துவிட்டால் சூட்டைத் தானாக நிறுத்துகிற பாகமும் என்றைக்காவது கெட்டுப்போகும்போது தொட்டி வெடிக்கக்கூடும், முதலில் சுவிட்சை அணையுங்கள், வால்வை மாற்றும்வரை போடவே வேண்டாம் என்றாள். நான் அணைத்துவிட்டேன். அதற்குப் பிறகு வந்ததுதான் உண்மையான பயம். இதை அப்பாவிடம் சொன்னால் அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். வீட்டில் வேலை கிடக்கிறது, நீ மட்டும் போ என்பார். சொல்லாமல், கீசர் ரிப்பேர் என்று தாரணியிடம் மட்டும் சொல்லிச் சாவியைக் கொடுக்காமல் ரயில் ஏறிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அவர் தாராள மனசு உனக்குத் தெரியும், அவள் கேட்டால் அவரே கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்துவிடுவார். அந்தக் குழந்தை கீசருக்கு நேர் கீழே குளிக்கிற டப்பில் படுத்திருக்கும்.

சாப்பாடு ஆன பிறகு சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. சொட்டற தண்ணிய நிறுத்தினது ஒரு குத்தமா, தனக்கோடி எத்தினி வூட்ல போட்டிருக்கான் தெரியுமா என்று சத்தம் போட்டார். தனக்கோடி என்பது நம் தெரு பிளம்பர், மூடியைக் கொடுத்தது அவன்தானாம். பிறகு நான் எதிர்பார்த்ததையே சொன்னார், "அப்ப நான் இருந்து இத்த பாத்துக்கறேன், நீ போய் புள்ளய பாத்துட்டு வா." எத்தனை வருஷமாக அவர் சொல்வதற்கெல்லாம் சரி என்று தலையாட்டியிருக்கிறேன் என்று நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. இந்த முறை என் வாயிலிருந்து எப்படி வந்ததோ, "வால்வ மாத்திட்டு ரெண்டு பேரும் போறோம். உங்க டிக்கெட்ட நான் கேன்சல் பண்ண மாட்டேன்" என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன்.

திரும்பி வரும்போது தனக்கோடியைக் கூடவே கூட்டிக்கொண்டு வந்தார். அவன் கீசரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, எல்லார் வூட்லயும் இப்டித்தான் சார், ஒண்ணும் ஆவாது என்றான். அதற்கு அப்பா, "எல்லார் வூட்ட வுடு, எங்க வூட்ல கழட்டு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சமையலறைக்குப் போய்விட்டேன். மூடியைக் கழற்றியதும் வெள்ளை வெள்ளையாக உப்பு கொட்டியது, எல்லாம் போர்வெல் தண்ணீரின் வேலை. சனிக்கிழமை புது வால்வு போட்டு, அதிலிருந்து ஒரு மெல்லிய டியூபைப் பக்கெட்டுக்குள் விட்டாயிற்று. தனக்கோடி போன பிறகு அப்பா சுவிட்சைப் போட்டுவிட்டு ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து பாத்ரூம் வாசலில் உட்கார்ந்தார். தண்ணீர் சூடாகச் சூடாக முதல் சொட்டு விழுந்தது, பிறகு இன்னொன்று. வழக்கமாக எழுந்துபோய் எதையாவது திருகுகிறவர் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். "சொட்டட்டும்" என்றார், என்னிடம் சொன்ன மாதிரியும் இல்லை.

சாயங்காலம் தாரணிக்கு அவரே எல்லாம் காட்டிக்கொடுத்தார். முதலில் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா பார், மேல் டேங்க் காலியாக இருக்கும்போது கீசரைப் போடாதே, சூடானதும் அணைத்துவிட்டுத்தான் குழந்தையை உள்ளே கொண்டுவா, சூடாகும்போது சொட்டவே இல்லை என்றாலும் விடாமல் ஊற்றினாலும் போடாமல் எனக்குப் போன் பண்ணு என்றார். அவள், ஷில்லாங்குக்கா அண்ணா போன் பண்றது என்று கேட்டாள். ஆமாம், அங்கதான இருப்பேன் என்றார். அதோடு விட்டாரா, பக்கெட்டில் சேருகிற தண்ணீரைக் கொட்டாதே, குழந்தை துணியை அதில் ஊறப்போடு என்று அதையும் சொல்லிவிட்டுத்தான் மாடியிலிருந்து இறங்க விட்டார்.

கண்ணு, உன் ரூமில் அந்த ஹீட்டர் ராடு வைத்துத்தானே தண்ணீர் காய்ச்சுகிறாய். எங்களைக் கூட்டிப்போக நீ கௌஹாத்திக்குக் கிளம்பும் அன்றைக்கு அதைச் சுவிட்சில் அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கி, ஆறிய பிறகு பக்கெட்டிலிருந்து எடுத்து உலர்த்தி வைத்துவிட்டு வா. அவசரத்தில் விரலை விட்டுச் சூடு பார்க்காதே. நாம் மூன்று பேரும் சிரபுஞ்சி போகிற அன்றைக்கும் அப்படியே. அப்பாவிடம் மூடி விஷயத்தை நீயாகக் கேட்க வேண்டாம், அவரே ஒருநாள் வேறு யாரோ செய்த மாதிரி சொல்லுவார், அப்போது கேட்டுக்கொள். அவர் வாங்கியிருக்கும் குரங்குக் குல்லாயைப் பார்த்தும் சிரிக்காதே, உனக்கும் ஒன்று எடுத்திருக்கிறார். வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு ஆபீஸ் போகாதே. நீ நினைத்ததெல்லாம் கைகூடி, நோய் நொடி இல்லாமல், போகிற இடமெல்லாம் உனக்கு நல்ல மனிதர்களாகவே அமைய வேண்டும் என்று அம்மாவின் ஆசீர்வாதம்.

இதை மடிக்கப் போகும்போது அப்பா எட்டிப் பார்த்து, யாருக்கு என்று கேட்டார். உனக்குத்தான் என்றேன். போகிறவர் போல இரண்டடி வைத்துவிட்டு நின்று, "நானும் வரேன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன் யாமினி. அப்பாவும் வருகிறார்.

உன் அம்மா,
உதயா குணசேகர்